திருப்பாப்புலியூர் மாடிக்கடை: நம்பரைப் படிக்காமல் கை வைக்க மாட்டார்

கடலூர் திருப்பாப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வளையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. போர்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அங்கே தொங்குகிற போர்டு இவருடையதே இல்லை, முன்பு வாடகைக்கு இருந்த தையல்காரருடையது. அதிலும் பாதி எழுத்தை 2011இல் வந்த "தானே" புயல் கொண்டுபோனது, மீதியை வெயில் தின்றுவிட்டது. சந்து முனையில் நின்று "மாடிக்கடை டெலிபோன்காரர்" என்று கேளுங்கள். யாரும் கை காட்டுவார்கள்.

டெலிபோன்காரர் என்பது பட்டப்பெயர் இல்லை. கம்பம் ஏறி லைன் பார்த்தவர். 2020 ஜனவரியில் பிஎஸ்என்எல் ஊழியர்கள் பல்லாயிரம் பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தார்களே, அவர்களில் ஒருவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்த மாடியைப் பிடித்திருக்கிறார்.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன், லேமினேஷன் எல்லாம் உண்டு. வாசலோரம் ஒரு கம்ப்யூட்டர், உள் அறையில் இரண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய பிரிண்டர். நான் தட்டச்சில் ஹையர் முடித்தவள், விரல் ஓடும். ஆனால் நெட்வொர்க் என்றால் ரவுட்டரை அணைத்துப் போடுவதோடு என் படிப்பு முடிந்துவிடும். அப்படித்தான் பதினான்கு வருடம் ஓட்டினேன்.

போன ஐப்பசியில், விடாத மழை வாரத்தில், உள் அறைக் கம்ப்யூட்டர் இரண்டிலும் ஒரே நேரத்தில் இன்டர்நெட் போனது. அன்று ஒரு தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் பதினைந்து பிள்ளைகள் நனைந்த குடையோடு நிற்கிறார்கள். வழக்கமாக வரும் சர்வீஸ் பையனைக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், ரவுட்டரிலிருந்து வரும் ஒயரை உள் அறைக் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, ஒயர் சரியாக இருக்கிறது என்றான். "வைரஸ்க்கா. ரெண்டையும் ஃபார்மேட் அடிக்கணும். ஒண்ணுக்கு 700" என்றான்.

ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். பணத்துக்காக இல்லை. யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்கள் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம், விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்று மனு என்று நான் வருடக்கணக்கில் சேர்த்த மாதிரிகள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான். அது போனால் திறக்கும்போது வெறும் புள்ளியும் கொக்கியுமாகத் தெரியும். "நாளைக்குப் பார்க்கலாம் தம்பி" என்று அவனை அனுப்பிவிட்டேன். வரிசையில் நின்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் மாடிக்கடைக்காரர் நம்பரைக் கொடுத்தார்.

போனில் பேசியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பிரச்சினை?" இல்லை. "நம்பர் என்ன காட்டுதும்மா?"

"எந்த நம்பர்ண்ணே?"

"சரி, கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்க."

உட்கார்ந்தேன். விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். சின்னக் கட்டம் வந்தது. அதில் சி, எம், டி என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை. அங்கே ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. எட்டு எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. தட்டியதும் மளமளவென்று வரிகள் ஓடின. "பயப்படாதீங்க, அதுல மூணு வரிதான் நமக்கு. ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே. படிங்க."

படித்தேன். முதல் வரியில் 169.254 என்று தொடங்கி இன்னும் இரண்டு எண்கள். அந்த வரிக்கு முன்னால் ஆட்டோகான்ஃபிகரேஷன் என்று ஒரு நீளச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாஸ்க் 255.255.0.0. கேட்வே வரியில் எண்ணே இல்லை, காலி.

"பக்கத்துக் கம்ப்யூட்டர்?"

அதிலும் 169.254தான். வாசல் கம்ப்யூட்டரில் மட்டும் 192.168.1.5, கேட்வே 192.168.1.1.

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் ஒரே நேரத்துல வைரஸ் வந்து, ரெண்டும் ஒரே மாதிரி நடிக்குமாம்மா? உள் ரூமுக்கு ரவுட்டர்லேர்ந்து ஒரு ஒயர் போகும். அதைத் தடவிக்கிட்டே போங்க."

ஏ4 கட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் எலி அந்த ஒயரைக் கடித்து, உள்ளே இருக்கும் எட்டு இழையில் பாதியை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. ஸ்விட்ச் பெட்டிக்கும் அந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்த ஒயர்கள் நன்றாக இருந்ததால்தான் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் ஒயர் அறுந்ததை அந்த விளக்கு எப்படிச் சொல்லும்? பையனையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு எழுத்தை அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

மாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒயர்ச் சுருளோடு அவரே வந்தார். எட்டு மீட்டர் கேபிள், இரண்டு பின், வந்த கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். புது ஒயரை அலமாரிக்குப் பின்னால் விடாமல் சுவரோரம் மேலே ஏற்றி ஆணி அடித்தார். வேலை இருபது நிமிடம்தான். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பாடம். இது எல்லோருக்கும் பிடிக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் பாடம் இன்னும் நீளும்.

அந்தப் பாடத்தில் எனக்குப் புரிந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒருவர் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். ரவுட்டர் செய்வது அந்த வேலைதான். ஒரு கம்ப்யூட்டரோ போனோ வந்து நின்றதும் ஐபி அட்ரஸ் என்ற ஒரு எண் கொடுக்கும், அதற்கு ஒரு கெடுவும் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். டோக்கன்காரரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் விண்டோஸ் தானே ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ ஒரு எண்ணைக் கிறுக்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கிறுக்கல்தான் 169.254. ஆகவே அந்த எண்ணைப் பார்த்தால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ண ஓடக் கூடாது. "டோக்கன்காரருக்கும் எனக்கும் நடுவில் எங்கே அறுந்தது, அல்லது டோக்கன்காரரே தூங்குகிறாரா" என்று பார்க்க வேண்டும்.

மாஸ்க் விஷயம்தான் எனக்கு ஏறவே இல்லை. அவர் பின்கோடை வைத்து விளக்கினார். மஞ்சக்குப்பம் 607001, திருப்பாப்புலியூர் 607002, பண்ருட்டி 607106. முதல் மூன்று இலக்கம் 607 என்று ஒன்றாக இருந்தால் ஒரே பக்கத்துத் தபால். புதுச்சேரி 605001, அது வேறு பை. எத்தனை இலக்கம் வரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்கிறவர்கள் ஒரே தெரு, நேரே கொடுத்துக்கொள்ளலாம். ஒன்று மாறினாலும் கேட்வேயிடம், அதாவது ரவுட்டரிடம், கொடுத்துவிட வேண்டும், அது வெளியே அனுப்பும். சிதம்பரமும் நம் மாவட்டம்தானே, அதற்கு ஏன் 608 என்று நான் குறுக்கே கேட்டேன். "அதைத் தபால்காரங்ககிட்ட கேளுங்க" என்றார்.

இணைப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க அவர் கற்றுக்கொடுத்த படிக்கட்டு இது. அதே கறுப்புத் திரையில் பிங் என்ற நான்கு எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு ஒரு எண். முதலில் 127.0.0.1. அது நம் கம்ப்யூட்டர் தன்னையே கிள்ளிப் பார்ப்பது. அடுத்து கேட்வே எண், எனக்கு 192.168.1.1. பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி இருக்கிறது. அப்புறம் 8.8.8.8, அது கூகுள் நடத்துவது, ஊருக்கு வெளியே போக முடிகிறதா என்று தெரியும். கடைசியாக எண் இல்லாமல் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். 8.8.8.8 பதில் சொல்லி, பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. "அந்தக் காலத்துல 197க்கு போன் பண்ணி, பேரைச் சொல்லி நம்பர் கேப்போமே, அந்த ஆள் லீவுன்னு அர்த்தம்." டெலிபோன்காரர் இல்லையா, உவமையும் அங்கிருந்துதான் வரும். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ, அங்கேதான் எலி.

இரண்டாவது முறை அவரிடம் போனது பிரிண்டருக்காக. மாதாந்திர பராமரிப்புக்காகக் கரண்ட் போய் வந்த நாள். அன்று மதியத்திலிருந்து பிரிண்டர் ஒரு தாளை அடிக்கும், அடுத்ததற்கு ஆஃப்லைன் என்று சொல்லும், திடீரென்று பழைய தாளைக் கக்கும். ஒரு கம்ப்யூட்டரில் ஐபி அட்ரஸ் மோதல் என்று எச்சரிக்கையும் வந்தது. இந்த முறை நானே எல்லாக் கம்ப்யூட்டரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் என்ற இடத்தில் அதன் எண்ணும் இருந்தது, 192.168.1.20. தாளோடு கெடிலம் பாலத்தைத் தாண்டி நேரே மாடி ஏறினேன். தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். விடைத்தாளில் அடித்தல் திருத்தம் இல்லாத பிள்ளையைப் பார்த்த வாத்தியார் மாதிரி.

விஷயம் இதுதான். பிரிண்டர் வாங்கியபோது யாரோ அதற்கு 20 என்ற எண்ணை நிரந்தரமாகப் பதித்திருக்கிறார்கள். ரவுட்டருக்கு அது தெரியாது, அதன் கையில் இருக்கும் டோக்கன் கட்டிலும் 20 இருக்கிறது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் முதலில் எழுந்தது, பழைய கணக்கை மறந்திருந்தது. நான் பிரிண்டரைப் போடுவதற்குள் புதிதாக வாங்கிய கண்காணிப்புக் கேமரா பெட்டி வந்து நின்றது, அதற்கு 20ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அப்புறம் ஒரே எண்ணில் இரண்டு பேர். "கிராஸ் டாக் மாதிரிம்மா. நீங்க அங்க பேசினா இங்க கேக்கும்."

அவர் என் கடைக்கு வரவில்லை. போனிலேயே என்னைச் செய்யவைத்தார். பிரவுசரில் மேலே முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்று போட்டால் ரவுட்டரின் உள் பக்கம் திறக்கிறது. அதில் நுழைய வேண்டிய பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தன. இத்தனை வருடம் அதைக் கவிழ்த்துக்கூடப் பார்த்ததில்லை நான். கடவுச்சொல்லை அன்றே மாற்றவும் சொன்னார். டிஹெச்சிபி பக்கத்தில் டோக்கன் கட்டு 2இல் தொடங்கி 254இல் முடிந்தது. அதை 100 முதல் 199 வரை என்று குறைத்தோம். 20 இனிமேல் பிரிண்டருக்கு மட்டும்தான். கேமரா பெட்டியை அணைத்துப் போட்டதும் அதற்கு 100க்கு மேல் ஒரு எண் வந்தது. இதற்கு அவர் வாங்கியது 100 ரூபாய். நான் நீட்டினேன், அவர் வேண்டாம் என்றார், மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மேக் அட்ரஸ் என்று இன்னொன்று உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐபி எண் டோக்கன், மாறும். மேக் அட்ரஸ் வண்டியின் சேஸிஸ் நம்பர் மாதிரி, தயாரிப்பிலேயே வருவது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து பன்னிரண்டு இடம், முதல் பாதி தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அதே எட்டு எழுத்துக் கட்டளைக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்தால் ஃபிசிக்கல் அட்ரஸ் என்ற பெயரில் தெரியும். புது ஆண்ட்ராய்டு, ஐபோன்களில் மட்டும் வைஃபைக்கு ஒரு பொய் மேக் அட்ரஸை அதுவே உருவாக்கிக் காட்டும். பெட்டியில் அச்சிட்டதும் திரையில் தெரிவதும் வேறாக இருக்கிறதே என்று என் மகன் பதறினான். பின்தொடர்கிறவர்களைத் தவிர்க்க வைத்த ஏற்பாடு அது, பதற வேண்டியதில்லை.

கறுப்புத் திரையே வேண்டாம் என்கிறவர்களுக்கு, செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குப் போய், ஒயர் என்றால் ஈதர்நெட், ஒயர் இல்லை என்றால் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போனாலும் இதே விவரங்கள் கிடைக்கும். எனக்கென்னவோ தட்டச்சுதான் வசதி.

மூன்றாவது விஷயத்தில் மானம் போனது எனக்கு. ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதாமாதம் பில் விவரங்களை ஏற்றிக் கொடுக்கிறேன். அவர்கள் ஒரு புது மென்பொருள் போட்டு, "உங்கள் ஐபி அட்ரஸை அனுப்புங்கள், எங்கள் சர்வரில் அனுமதி கொடுக்க வேண்டும்" என்றார்கள். இப்போது நமக்குத்தான் தெரியுமே என்ற தெம்பில், என் கம்ப்யூட்டர் காட்டிய 192.168.1 என்று தொடங்கும் எண்ணை அனுப்பிவிட்டேன். அங்கே இருந்த பெண் போன் பண்ணி, "மேடம், இதே நம்பர் எங்க ஆபீஸ்லயும் இருக்கு" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது காதில் கேட்டது.

மாடிக்கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "எக்ஸ்டென்ஷன் நம்பரைக் கொடுத்திருக்கீங்கம்மா" என்றார். ஒரு அலுவலகத்தில் மேனேஜருக்கு 12, கேஷியருக்கு 14 என்று இருக்கும். எல்லா அலுவலகத்திலும் ஒரு 12 இருக்கும். வெளியிலிருந்து கூப்பிட அலுவலகத்தின் பொது நம்பர் வேண்டும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாம் உள்ளே புழங்குவதற்கென்றே ஒதுக்கியவை. அவற்றுக்கு வெளியுலகில் மதிப்பில்லை. வெளியே தெரியும் எண் என்னவென்று கூகுளில் எனது ஐபி என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் சொல்லிவிடும்.

கேட்டேன், ஒரு எண் வந்தது. அனுப்பினேன், வேலை நடந்தது. மூன்றாம் நாள் நின்றது. எண் மாறிவிட்டது. மறுபடி மாடி. அவர் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து அதற்கு வந்திருக்கும் எண் என்ன என்று பார்க்கச் சொன்னார். 100.72 என்று தொடங்கியது, கூகுள் சொன்னது வேறு. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களை இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்க வைத்துக்கொள்ளும். அதாவது என் ரவுட்டருக்கே கிடைத்திருப்பது ஒரு எக்ஸ்டென்ஷன்தான், பொது எண் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்டேன். இந்த நான்கு பகுதி எண்களில் மொத்தமே சுமார் 429 கோடிதான் அமையும், உலகத்தில் தலைகள் அதைவிட அதிகம், மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி என்றார். "தானே" புயலுக்குக் கிட்டத்தட்ட பதினொரு மாதம் முன்பு. அதனால்தான் திரையில் எஃப்இ80 என்றெல்லாம் தொடங்கும் நீள எண்களும் தெரிகின்றன, அவை அடுத்த தலைமுறை முறையைச் சேர்ந்தவை. இப்போதைக்கு அந்த வரியைத் தாண்டிப் போகச் சொன்னார், தாண்டிவிட்டேன். எனக்கு மாறாத பொது எண் வேண்டுமென்றால் இணைப்புக் கொடுப்பவரிடம் ஸ்டாட்டிக் ஐபி கேட்டு மாதக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். கட்டுகிறேன், வேறு வழியில்லை. இந்த ஆலோசனைக்கு அவர் எதுவும் வாங்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. பதினொரு மணிக்கு முன் திறக்க மாட்டார். மதியம் ஒன்று முதல் நான்கு வரை போனை எடுக்க மாட்டார், தூக்கம் என்று அவரே சொல்கிறார். அச்சடித்த பில் கிடையாது, டைரித் தாளைக் கிழித்து எழுதித் தருவார், கடைக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்குத் தொல்லை. லேப்டாப் திரை மாற்றுவது, டேட்டா மீட்பது போன்ற வேலைக்கு அவரிடம் போகாதீர்கள், எடுத்துக்கொள்வார், இரண்டு வாரம் ஆக்குவார். என் பக்கத்துக் கடைக்காரருக்கு அப்படித்தான் ஆனது. எல்லாவற்றையும்விட, அவசரத்தில் போன் பண்ணும்போதும் "நம்பர் என்ன காட்டுது" என்றுதான் கேட்பார். "நீங்களே வந்து பாருங்களேன்" என்றால் கோபம் வரும். கம்ப்யூட்டரைத் தொடவே கூச்சப்படும் பெரியவர்களுக்கு இது எரிச்சல்தான். என் மாமனார் ஒரே தடவைதான் அவரிடம் பேசினார், "அந்த ஆளுக்கு நான் ஏன் பரீட்சை எழுதணும்" என்று வைத்துவிட்டார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை மதியத் தூக்கத்துக்குப் பிடித்துக்கொள்கிறேன்.

போன வாரம் வாசல் கம்ப்யூட்டரில் 169.254 வந்தது. மணி இரண்டு, அவர் தூங்கும் நேரம். கேட்வே வரியைப் பார்த்தேன், காலி. உள் அறை இரண்டும் சரியாக இருந்தன. ரவுட்டரிலிருந்து வாசலுக்கு வரும் ஒயரின் பின்னைப் பிடித்து ஆட்டினேன், கையோடு வந்துவிட்டது. கிளிப் உடைந்து, உப்புக் காற்றில் உலோகம் பச்சை பூத்திருந்தது. நான்கு மணிக்கு மேல் பாலத்தைத் தாண்டிப் போய், "பின் மட்டும் கொடுங்கண்ணே" என்றேன். மாட்டுவதற்குக் கருவி வேண்டுமே என்றார். ஒயரையே கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். இருபது ரூபாய்.

மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள். வண்டியை வளையல் கடை வாசலில் நிறுத்தினால் அந்த அம்மா திட்டுவார், சந்து முனையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். ஞாயிறு விடுமுறை.